ரோவர் போதாதா, ஆள் போகத்தான் வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். சந்திரயான்-3 சுமார் 615 கோடி ரூபாயில் நிலவின் தென் துருவத்துக்கு அருகே இறங்கிவிட்டது. நம் ஆட்களை நாமே விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு ஒதுக்கியிருப்பது 20,193 கோடி. அதில் ஏறுகிறவர்கள் நிலவுக்குப் போகப்போவதில்லை. பூமியிலிருந்து 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள் வரை சுற்றிவிட்டுக் கடலில் இறங்குவார்கள். "இயந்திரமே இவ்வளவு மலிவாக இவ்வளவு தூரம் போகும்போது ஆளை எதற்கு அனுப்பணும்? இது அறிவியலா, வெறும் கௌரவமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "இந்தப் பணத்துக்கு எத்தனை ஆஸ்பத்திரி கட்டலாம்" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒன்று, ஏழை நாடு விண்வெளிக்குச் செலவழிக்கலாமா என்பது. இன்னொன்று, செலவழிப்பது என்று முடிவான பிறகு மனிதனை அனுப்புவதா, கருவியை அனுப்புவதா என்பது. உங்களை உண்மையில் உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதை வைத்து என் பேச்சை எடைபோட்டுக்கொள்ளலாம். நான் ராக்கெட் பொறியாளன் அல்ல. ஜியாலஜி படித்து, பல வருடம் அதையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். பாறையைப் பார்த்து அது எப்படி உருவானது என்று படிப்பது என் தொழில். நிலவுப் பாறைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பாறை, களப்பணி சம்பந்தமாக நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல், மருத்துவம் பற்றிச் சொல்வதை விஷயம் தெரிந்த ஒரு வாசகரின் கருத்தாக எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் ஆஸ்பத்திரி. 2025-26 பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 13,400 கோடி. மத்திய அரசின் மொத்தச் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல். ஆயிரம் ரூபாய் செலவில் மூன்று ரூபாய்கூட விண்வெளிக்குப் போகவில்லை. அதே ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு மட்டும் 86,000 கோடி. ககன்யானை நாளைக்கே நிறுத்தினாலும் அந்தப் பணம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மறுபக்கம், விண்வெளிச் செலவு உயிர் காப்பாற்றியதற்கு ஆதாரம் இருக்கிறது. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயலில் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் அதே கடற்கரையில் பைலின் புயல் கரை கடந்தபோது லட்சக்கணக்கானவர்களை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டார்கள், புயலால் நேரடியாக இறந்தவர்கள் நூறைத் தொடவில்லை. செயற்கைக்கோள் படம் மட்டும் காரணமல்ல. ரேடார், புயல் பாதுகாப்பு மையங்கள், ஊர் ஊராகப் போன அதிகாரிகள் எல்லாம் சேர்ந்துதான். ஆனாலும் செயற்கைக்கோள் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆனால் கவனியுங்கள், புயலைப் பார்த்துச் சொன்னது இயந்திரம். அங்கே மேலே ஆள் யாரும் இல்லை. ஆக, விண்வெளித் திட்டத்துக்கு ஆதரவான நல்ல வாதம் மனிதப் பயணத்துக்கு ஆதரவான வாதமாகிவிடாது. இந்த இரண்டையும் கலந்து பேசுபவர்கள் நம் நாட்டில் நிறைய. இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் இதில் மிகத் தெளிவாக இருந்தார். வளரும் நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலை இன்றைக்கும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தப் பதிலிலேயே, நிலவையும் கோள்களையும் ஆராய்வதிலோ மனிதனை விண்வெளிக்கு அனுப்புவதிலோ பணக்கார நாடுகளோடு போட்டி போடும் கற்பனை நமக்கில்லை என்ற வரியும் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். காலம் மாறியிருக்கிறது, நிலைப்பாடு மாறலாம், அதில் தவறில்லை. ஆனால் மாறியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, புதிய காரணத்தைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததும் அல்ல. 1969 ஜூலை 15, அப்போலோ-11 நிலவுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், அமெரிக்கக் கறுப்பின உரிமைத் தலைவர் ரால்ஃப் அபர்நாதி ஏழைக் குடும்பங்களோடு, கோவேறு கழுதை வண்டிகளோடு கென்னடி ஏவுதளத்துக்கு வந்து நின்றார். நாசாவின் தலைவர் தாமஸ் பெயின் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். ராக்கெட்டை ஏவாமல் விட்டால் அமெரிக்காவின் வறுமை தீர்ந்துவிடும் என்றால் நாளைக்கு அந்தப் பொத்தானை அழுத்த மாட்டோம் என்ற பொருளில் பதில் சொன்னார். நேர்மையான பதில்தான். ஆனால் அபர்நாதி கேட்டது வேறு: ஒரு தேசம் எதை முதலில் செய்யத் தீர்மானிக்கிறது என்பது. அந்தக் கேள்வியின் நியாயம் இன்னும் குறையவில்லை. அதற்கு ஜியாலஜியில் விடை கிடையாது, அது ஓட்டுப் போடுகிறவர்கள் தீர்மானிக்க வேண்டியது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். மனிதப் பயணத்துக்கான பணம் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதைவிட, மற்ற விண்வெளி ஆய்வுகளிடமிருந்து வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை ஒரே நாளில் சில திட்டங்களுக்கு ஒப்புதல் தந்தது. நிலவிலிருந்து மண் எடுத்து வரும் சந்திரயான்-4க்கு 2,104 கோடி. வெள்ளிக் கோளுக்குப் போகும் விண்கலத்துக்கு 1,236 கோடி. ககன்யானுக்கு ஏற்கெனவே இருந்த 9,023 கோடியோடு மேலும் சேர்த்து மொத்தம் 20,193 கோடி. இங்கே உங்கள் கணக்கில் ஒரு திருத்தம்: அந்தத் தொகை மூன்று நாள் பயணம் ஒன்றுக்கு மட்டும் அல்ல. ஆளில்லாத சோதனைகளும் சேர்த்து எட்டுப் பயணங்கள், அதோடு இந்தியாவின் சொந்த விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி, இவையெல்லாம் அதில் அடங்கும். இருந்தாலும் விகிதத்தைப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு முப்பதுக்கு மேற்பட்ட சந்திரயான்-3 அனுப்பலாம். எனக்கும் இது சின்ன விஷயமாகப் படவில்லை.

இப்போது என் தொழில் பக்கம் வருகிறேன், ஏனென்றால் மனிதன் எங்கே இயந்திரத்தை மிஞ்சுகிறான் என்பது இங்கேதான் தெரியும். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி என்று ஒரு ஊர். அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு வேதியியலில் ரொம்ப நெருக்கம். சந்திரயான்-2இன் லேண்டரையும் (தரையிறங்கும் கலம்) ரோவரையும் (தரையில் ஓடி ஆராயும் தானியங்கி வண்டி) சோதிக்க இஸ்ரோ இந்தப் பாறையை அரைத்துத்தான் டன் கணக்கில் செயற்கை நிலவு மண் செய்தது. அந்த மாதிரி ஓர் இடத்துக்கு மாணவர்களை அழைத்துப்போனால் முதல் நாள் எல்லாப் பாறையும் அவர்களுக்கு ஒரே மாதிரி தெரியும். வெயிலிலும் மழையிலும் மேல்தோல் பழுப்பேறிப் போயிருக்கும். சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டிப் புது முகத்தைப் பார்க்கணும். கைலென்ஸை வைத்துப் படிகத்தின் அளவைப் பார்க்கணும். பக்கத்தில் கறுப்பாக ஒரு குரோமைட் பட்டை ஓடினால், அது எந்தத் திசையில் போகிறது என்று பின்னாலேயே நடக்கணும். நடக்கும்போது கேள்வி மாறும். காலையில் ஒன்றைத் தேடிக் கிளம்பியவர் மதியத்துக்குள் வேறொன்றைத் தேடிக்கொண்டிருப்பார். களப்பணியின் உயிர் இதில்தான் இருக்கிறது: பார்த்ததை வைத்து அடுத்து எங்கே பார்ப்பது என்று அங்கேயே, அப்போதே முடிவெடுப்பது.

இது நிலவில் நடந்திருக்கிறது. 1972 டிசம்பரில் அப்போலோ-17இல் போனவர்களில் ஹாரிசன் ஷ்மிட் ஜியாலஜியில் டாக்டர் பட்டம் பெற்றவர். நிலவில் நடந்த பன்னிரண்டு பேரில் தொழில்முறை ஜியாலஜிஸ்ட் அவர் ஒருவர்தான். ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் நடக்கும்போது சாம்பல் நிற மண்ணுக்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அவர்கள் கையில் இருந்த நேரம் மிகக் கொஞ்சம். உடனே குறுக்காக ஒரு சிறு பள்ளம் தோண்டினார், இரண்டு பக்கத்து மண்ணையும் தனித்தனியாக எடுத்தார், குழாய் ஒன்றை இறக்கி ஆழத்திலிருந்தும் மண் எடுக்க வைத்தார். அந்த இடம் சமீப கால எரிமலை வாயாக இருக்கலாம் என்ற முதல் ஊகம் சரியாகவில்லை. ஆய்வகத்தில் பார்த்தபோது அது சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் பீறிட்ட எரிமலைக் குழம்பு உறைந்து உருவான நுண்ணிய கண்ணாடி மணிகள் என்று தெரிந்தது. கதை அதோடு முடியவில்லை. 2008இல், மண் பூமிக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு, ஆல்பர்ட்டோ சால் தலைமையிலான குழு அப்போலோ கொண்டுவந்த இத்தகைய கண்ணாடி மணிகளுக்குள் நீரின் தடயத்தைக் கண்டுபிடித்தது. நிலவின் உட்புறம் சுத்தமாக நீரற்றது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்ததை அது புரட்டிப் போட்டது.

அப்போலோ-15இல் போன டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் விமானிகள், விஞ்ஞானிகள் அல்ல. ஆனால் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி கற்பித்த லீ சில்வர் என்ற ஆசிரியர் அவர்களைத் தொடர்ந்து மலை, பாலைவனம் என்று கூட்டிப்போய்ப் பழக்கியிருந்தார். ஸ்காட் வண்டியில் திரும்பி வரும்போது வழியில் தனியாகக் கிடந்த, துளைகள் நிறைந்த ஒரு கறுப்புப் பாறையைப் பார்த்தார். கட்டுப்பாட்டு அறையிடம் கேட்டால் நேரமில்லை என்பார்கள். சீட் பெல்ட்டைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி வண்டியை நிறுத்தினார். இர்வின் சுற்றியுள்ள பள்ளங்களை விவரித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, இவர் இறங்கிப் பாறையை எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அந்த மாதிரிக்கு 'சீட் பெல்ட் பாறை' என்றுதான் பெயர். மறுநாள் அதே இருவர் ஒரு பள்ளத்தின் விளிம்பில் 400 கோடி ஆண்டுக்கு மேல் பழமையான அனார்த்தோசைட் துண்டைப் பார்த்தவுடன், தாங்கள் தேடி வந்தது இதுதான் என்று சொன்னார்கள். நல்ல பயிற்சி பெற்ற கண் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வேகத்தையும் பார்க்க வேண்டும். அப்போலோ-17 ஆட்கள் மூன்று நாளில், மொத்தம் 22 மணி நேரம் வெளியே இருந்து, வண்டியில் சுமார் 36 கிலோமீட்டர் சுற்றினார்கள், 110 கிலோ மாதிரி எடுத்தார்கள். செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் 45 கிலோமீட்டர் போக 14 வருடம் ஆனது. இன்சைட் என்ற கருவி செவ்வாயில் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வெப்பமானியை இறக்க முயன்றது. மண் பிடிமானம் தராததால் அது தன் நீளத்துக்கு மேல் இறங்கவே இல்லை. இரண்டு வருடம் போராடி 2021 ஜனவரியில் கைவிட்டார்கள். அப்போலோ-15இலும் துளைக்கருவி சிக்கிக்கொண்டது, இரண்டு பேர் தோள் கொடுத்து இழுத்து எடுத்துவிட்டார்கள்.

இத்தனையும் உண்மை. ஆனால் இதோடு நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னவனாவேன். அப்போலோவுக்கு அமெரிக்கா அன்றைய மதிப்பில் செலவழித்தது சுமார் 2,500 கோடி டாலர். அந்தச் செலவில் எத்தனை ரோவர் அனுப்பியிருக்கலாம் என்பதையும் கேட்கணும். ஒரு மனிதனையும் ஒரு ரோவரையும் ஒப்பிட்டால் மனிதன் ஜெயிப்பான். ஒரு ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று ஒப்பிட்டால் விடை அவ்வளவு சுலபமில்லை, இன்றுவரை துறைக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வான் ஆலன் கடைசிவரை மனிதப் பயணத்தை எதிர்த்தார். செவ்வாய் ரோவர்களின் தலைமை விஞ்ஞானியாக இருந்த ஸ்டீவ் ஸ்க்வையர்ஸ், ரோவர்களோடு பல வருடம் வாழ்ந்தவர், ஆள் போக வேண்டும் என்கிறார். இருவருமே விஷயம் தெரியாதவர்கள் அல்ல.

அப்புறம், 1972இல் இருந்த இயந்திரத்தோடு இன்றைய இயந்திரத்தை ஒப்பிடக் கூடாது. சோவியத் யூனியனின் மூன்று லூனா கலங்கள் 1970களில் கொண்டுவந்த மண் எல்லாம் சேர்த்து அரைக் கிலோகூட இல்லை. சீனாவின் சாங்கே-5 2020இல் ஒரே தடவையில் 1.7 கிலோ கொண்டுவந்தது. அதில் இருந்த பசால்ட் சுமார் 200 கோடி வயதுடையது, அப்போலோ மாதிரிகளில் இவ்வளவு இளைய எரிமலைப் பாறை கிடைக்கவில்லை. 2024இல் சாங்கே-6 நிலவின் மறுபக்கத்திலிருந்தே மண் எடுத்து வந்தது, மனிதன் கால் வைக்காத இடம். நம் பிரக்யான் ரோவரையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 கிலோ எடை, நூறு மீட்டர் நகர்ந்தது, இரண்டு வாரத்துக்கும் குறைவாக உழைத்தது. அது 23 இடங்களில் எடுத்த அளவீடுகள், நிலவு ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்குத் தென் துருவப் பகுதியிலிருந்து ஆதரவு தந்தன. அந்த மண் அனார்த்தோசைட் வகையைச் சேர்ந்தது என்று காட்டியது அதுதான். 615 கோடியில் இது கிடைத்தது என்பதை எந்த ஜியாலஜிஸ்டும் மதிப்பார். பிரக்யானால் செய்ய முடியாததும் உண்டு: பாறையின் வயதை அதனால் சொல்ல முடியாது, கல்லைத் திருப்பிப் பார்க்க முடியாது. வயது வேண்டுமென்றால் மாதிரி பூமிக்கு வர வேண்டும். அதற்கும் ஆள் கட்டாயமில்லை என்று சீனா காட்டிவிட்டது.

நிலவு நமக்கு ரொம்பப் பக்கம் என்பதும் இயந்திரத்துக்குச் சாதகம். சிக்னல் போய்வர மூன்று நொடிகூட ஆகாது. 1973இலேயே சோவியத் ரோவரான லூனகோத்-2ஐ பூமியிலிருந்து ஓட்டி, சில மாதங்களில் 39 கிலோமீட்டர் கொண்டுபோனார்கள். செவ்வாய்க்கு அது நடக்காது. ஒருவழிக்கே 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை. ஆக மனிதக் கண்ணும் கையும் உண்மையிலேயே தேவைப்படுகிற இடம் நிலவைவிடச் செவ்வாய்தான். ஆனால் அங்கே போவதற்குத்தான் நாம் தயாராக இல்லை. கியூரியாசிட்டி ரோவர் போகும் வழியில் அளந்த கதிர்வீச்சை வைத்துப் பார்த்தால், போய்வரும் பயணத்திலேயே ஒருவர் உடம்பில் சுமார் 660 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) ஏறும். நாசா ஒரு விண்வெளி வீரருக்கு வாழ்நாள் முழுமைக்கும் வைத்திருக்கும் வரம்பு 600. சூரியன் சீறினால் நிலைமை இன்னும் மோசம். 1972 ஆகஸ்டில் பெரிய சூரியப் புயல் ஒன்று வந்தது, அப்போலோ-16 ஏப்ரலில் திரும்பிவிட்டது, 17 டிசம்பரில்தான் போனது, இடையில் வந்ததால் தப்பித்தார்கள். இன்னொன்றும் உண்டு. செவ்வாயில் நாம் தேடுவதே உயிரின் தடயத்தை. மனித உடம்பு கோடிக்கணக்கான நுண்ணுயிர்களோடு போய் இறங்கினால், அதன் பிறகு அங்கே கிடைக்கும் தடயம் செவ்வாயுடையதா நம்முடையதா என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யலாம், மனிதனைச் செய்ய முடியாது.

இதுவரை பேசியது தரையைப் பற்றி. ககன்யான் போவது சுற்றுப்பாதைக்கு. அங்கே அறிவியல் வாதம் இன்னும் பலவீனம் என்பது என் கருத்து. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் முதல் ஒரு நாளும் விடாமல் ஆட்கள் இருக்கிறார்கள். மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் என்று இடுப்பு எலும்பின் அடர்த்தி குறைவது, கண்பார்வை மாறுவது போன்றவற்றை அங்கேதான் விரிவாகக் கற்றோம். நல்ல அறிவியல்தான். ஆனால் அதில் பெரும்பகுதி, மனிதன் விண்வெளியில் எப்படித் தாக்குப்பிடிப்பான் என்ற கேள்விக்கான விடை. மனிதனை அனுப்பப் போகிறோம் என்று தீர்மானித்தவர்களுக்குத்தான் அந்த விடை அவசியம். ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்த்ததைப் பலர் சொல்வார்கள். 1993 டிசம்பரில் வீரர்கள் போய் அதன் பார்வைக் கோளாறைச் சரிசெய்திராவிட்டால் இன்று நாம் பார்க்கும் படங்கள் இல்லை, அது உண்மை. அதே சமயம் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எந்த மனிதனும் எட்ட முடியாத 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு வேலை செய்கிறது.

துணை விளைவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெஃப்லானும் வெல்க்ரோவும் விண்வெளிப் பயணத்தால் வந்தவை என்று மேடையில் கேட்டிருப்பீர்கள். டெஃப்லான் 1938இல் வந்துவிட்டது, வெல்க்ரோ ஒரு சுவிஸ்காரரின் கண்டுபிடிப்பு. அப்போலோவின் கணினிக்காக ஆரம்பகாலச் சிப்புகளைப் பெருமளவில் வாங்கியது அந்தத் தொழில் வளர உதவியது, அது நிஜம். இளைஞர்களை அறிவியலுக்கு இழுக்கும் என்ற வாதத்தை நான் மனதார நம்புகிறேன், வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஆனால் சந்திரயான்-3 இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலையும் அதைச் செய்தது. அதில் ஆள் இல்லை.

உயிர் ஆபத்தை லேசாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்காவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலங்கள் 135 முறை பறந்தன, இரண்டு முறை திரும்பவில்லை, பதினான்கு பேர் போனார்கள், கல்பனா சாவ்லா உட்பட. ககன்யானுக்கு ஆகும் செலவிலும் காலத்திலும் பெரும்பங்கு இந்தக் கவலையால் வருவது. ராக்கெட் கோளாறானால் ஆட்களை இழுத்துத் தூரம் கொண்டுபோகும் அமைப்பு, அதற்காக 2023 அக்டோபரில் நடத்திய சோதனை, பத்துப் பாராசூட்டுகள், மகேந்திரகிரியில் திரும்பத் திரும்ப இயக்கிச் சோதித்த எஞ்சின்கள். முதலில் 2022க்குள் என்று அறிவித்தது பல வருடம் தள்ளிப்போனதைக் கேலி செய்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இதில் தாமதம் ஆவதுதான் நல்லது.

அப்படியென்றால் ககன்யான் எதற்கு? என் பதில்: அது அறிவியலுக்காக அல்ல, திறனுக்காக. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் போய் வந்தார். தேசமே பெருமைப்பட்டது. ஆனால் கலமும் ராக்கெட்டும் அவர்களுடையது. அதனால் அடுத்த இந்தியர் போக 2025 ஜூன் வரை, 41 வருடம் ஆனது. சுபான்ஷு சுக்லாவும் போனது அமெரிக்கக் கலத்தில்தான். இருக்கையை வாங்கினால் அனுபவம் கிடைக்கும், தொழில்நுட்பம் கிடைக்காது. மூடிய கூண்டுக்குள் காற்றையும் ஈரத்தையும் வெப்பத்தையும் பராமரிப்பதை யாரும் நமக்கு விற்கவில்லை, நாமே செய்துகொள்கிறோம். நிலவில் மனிதர்கள் இடம்பிடித்து, அங்கே யார் எங்கே என்ன செய்யலாம் என்று விதிகள் எழுதும் காலம் வந்தால், போகத் தெரிந்த நாடுகளின் குரல்தான் அங்கே கேட்கும். வரும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. வந்த பிறகு தொடங்கினால் இருபது வருடம் ஆகும். இதை நான் ஏற்கிறேன், ஆனால் இது ஓர் அரசியல் கணிப்பு என்று தெரிந்தே ஏற்கிறேன். ஏற்காதவரை அறிவியலைக் காட்டி நான் மடக்க முடியாது.

ஆக, 2028 வரை திட்டமிட்டிருக்கும் அந்த எட்டுப் பயணங்களுக்கான செலவை நான் ஆதரிக்கிறேன். அதன் பிறகு 2035க்குள் விண்வெளி நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என்ற இலக்குகளுக்கு என் ஆதரவு நிபந்தனையோடுதான். இப்போது தேர்வாகியிருக்கும் நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள். சோதனைப் பயணத்துக்கு அதுதான் சரி. நிலவுக்கு அது போதாது. அமெரிக்கா ஆறு முறை இறங்கி, ஜியாலஜிஸ்டைக் கடைசி முறைதான் அனுப்பியது. நாம் அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். 2040இல் இறங்கப் போகிறவருக்கு இப்போது இருபது, இருபத்தைந்து வயது இருக்கலாம். அடுத்த தேர்வில் களத்தில் வேலை பார்த்த விஞ்ஞானிகளுக்கு இடம் வேண்டும். விமானிகள் போவதாக இருந்தாலும் ஸ்காட்டுக்குக் கொடுத்தது போல வருடக்கணக்கில் பாறைப் பயிற்சி வேண்டும். அதற்கான இடங்கள் லடாக்கிலும் இருக்கின்றன, நாமக்கல்லிலும் இருக்கின்றன.

இன்னொரு நிபந்தனை, சந்திரயான்-4உம் வெள்ளிப் பயணமும் தள்ளிப்போகக் கூடாது. ஜப்பானோடு சேர்ந்து பிரக்யானைவிடப் பெரிய ரோவரை நிலவுக்கு அனுப்பும் சந்திரயான்-5க்கும் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. பணம் ஒதுக்கியாயிற்று என்பது மட்டும் போதாது. அதே பொறியாளர்களும் அதே சோதனைக் கூடங்களும்தான் இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும், நெருக்கடி வந்தால் ஆள் போகும் கலத்துக்குத்தான் முதலிடம் தருவார்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் பட்ஜெட் வரும்போது விண்வெளித் துறையின் பக்கத்தை எடுத்து, இந்த மூன்று திட்டங்களின் தேதியும் தொகையும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஆள் போவதற்காக அவை ஒவ்வொன்றாகப் பின்னால் போக ஆரம்பித்தால் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன்.